சிம் துளை இருந்தும் இணையம் இல்லை: மடிக்கணினி மோடம்களும் லினக்ஸும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய மடிக்கணினி விற்கும் கடைகளுக்குள் நுழைந்தால், பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திவிட்டுக் கழித்த திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் வகைகள்தாம் அதிகம் கண்ணில் படுகின்றன. உடல் உறுதியானது, விசைப்பலகை நல்லது, விலையும் கட்டுப்படியாகும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனதால், விண்டோஸ் 11 ஏற்காத இந்தக் கணினிகளில் உபுண்டு, மின்ட், டெபியன் போன்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளங்களை நிறுவிக்கொள்வதே பலருக்கு வழியாகியிருக்கிறது. அப்படி வாங்கியவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. "பேட்டரிக்குப் பின்னால் சிம் போடும் இடம் இருக்கிறது, சிம்மும் போட்டுவிட்டேன், லினக்ஸில் இணையம் ஏன் வரவில்லை?"

இதற்கான பதில் பல நேரங்களில் லினக்ஸுக்கு வெளியேதான் தொடங்குகிறது. ஒரு வரிசையில் வரும் எல்லா மாடல்களுக்கும் ஒரே உடற்கூட்டைத் தயாரிப்பது நிறுவனங்களின் வழக்கம். மொபைல் இணைய அட்டையோ கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு மட்டும் பொருத்தப்பட்டது. ஆகவே சிம் துளை எல்லாக் கணினியிலும் இருக்கும், அதன் பின்னால் இருக்கவேண்டிய அந்த அட்டை, அதாவது மோடம், சிலவற்றில் மட்டுமே இருக்கும். பின்மூடியைக் கழற்றினால் உண்மை தெரிந்துவிடும். திங்க்பேட் ஒன்றில், காலியான ஸ்லாட்டின் அருகே சிவப்பும் நீலமுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் முனையில் சிறு பிளாஸ்டிக் உறையோடு ஒதுக்கி ஒட்டப்பட்டிருந்தால், திரைக்குப் பின்னால் ஆன்டெனா இருக்கிறது, அட்டை மட்டும்தான் இல்லை என்று பொருள். சாம்பல் நிறக் கம்பியும் கறுப்புக் கம்பியும் மட்டும் இருந்தால் அவை வைஃபைக்கு உரியவை. அந்தக் கணினியில் மொபைல் ஆன்டெனாவே போடப்படவில்லை, அட்டையைத் தேடி வாங்கிப் பொருத்தினாலும் சிக்னல் கிடைக்காது.

நம் பகுதியில் இதைப் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழையைக் கொட்டியது. இப்படிப்பட்ட காற்றில் முதலில் அறுபவை கம்பத்தில் தொங்கும் கம்பிகள். வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிளும் பெரும்பாலும் அந்தக் கம்பங்களை நம்பியே தொங்குகிறது. செல்போன் கோபுரமும் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் அடங்கிவிடும் என்றாலும், டீசல் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடும். மரம் விழுந்து அறுந்த கேபிளைத் தெருத்தெருவாக இழுத்துக் கட்ட நாள்கள் ஆகும். கணினிக்குள்ளேயே நன்றாக வேலை செய்யும் ஒரு மோடம் இருப்பது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்தக் கடற்கரையில் வீண் செலவு ஆகாது.

எந்த அட்டை லினக்ஸில் இயங்கும் என்பதை அதன் மேல் அச்சிட்ட நிறுவனப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அது எந்தப் பாதை வழியாகக் கணினியோடு இணைகிறது, அந்தப் பாதையில் எந்த நெறிமுறையில் (பேச்சு விதியில்) பேசுகிறது, தன் வேலையைத் தானே செய்துகொள்கிறதா அல்லது கணினியின் தலையில் கட்டுகிறதா என்பவைதான் முடிவுசெய்கின்றன. நெறிமுறை ஆவணமாக வெளிவந்திருந்தால் அட்டையை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரலான இயக்கியை யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். மறைத்து வைக்கப்பட்டிருந்தால், அட்டை எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் கட்டற்ற இயங்குதளத்தில் அது பயனின்றிக் கிடக்கிறது.

இந்தச் சிக்கல் தொலைபேசிக் கம்பிக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் தொடங்கியபோது, மோடம் என்ற கருவி மூன்று வேலைகளைச் செய்துகொண்டிருந்தது. தொலைபேசிக் கம்பியோடு மின்சார முறையில் இணைவது ஒன்று. எண்களை ஒலியாகவும் ஒலியை எண்களாகவும் மாற்றும் கணக்குகளைப் போடுவது இன்னொன்று. கணினி தரும் கட்டளைகளைப் புரிந்துகொண்டு, பிழைதிருத்தத்தையும் தரவுச் சுருக்கத்தையும் கவனித்துக்கொள்வது மூன்றாவது. 'ஏடி' என்று தொடங்கும் அந்தக் கட்டளைகள் 1981இல் வந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தோடு பிறந்தவை. இன்றைய 4ஜி அட்டைகூட அவற்றுக்குப் பதில் சொல்கிறது. மூன்று வேலைகளையும் தானே செய்யும் வெளி மோடத்தைச் சீரியல் போர்ட்டில் மாட்டினால், லினக்ஸுக்குத் தனி இயக்கி எதுவும் தேவைப்படவில்லை, அந்தப் போர்ட்டுக்கு எழுத்துகளை அனுப்பத் தெரிந்தால் போதுமானதாக இருந்தது.

1990களின் பிற்பகுதியில், விலையைக் குறைப்பதற்காக இரண்டாவது வேலையையும் மூன்றாவது வேலையையும் அட்டையிலிருந்து எடுத்துக் கணினியின் செயலியிடம் கொடுத்தார்கள். 'வின்மோடம்' என்று பெயர்பெற்ற இவ்வகை அட்டையில் எஞ்சியது கம்பியோடு இணையும் பகுதியும் ஒலியை மாற்றும் சிப்பும்தான். மற்றவை எல்லாம் விண்டோஸ் இயக்கிக்குள் மூடிய நிரலாக அடைக்கப்பட்டன. மடிக்கணினிகளில் உள்ளேயே பொருத்தி வந்த மோடம்கள் ஏறக்குறைய அனைத்தும் இந்த வகைதான். நொடிக்கு 56 கிலோபிட் தரும் வி.90 முறையின் கணக்குகளை வெளியார் எழுதிக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. அதனால் லூசென்ட் சிப்புக்குப் பாதி மூடிய இயக்கி ஒன்று, ஸ்மார்ட்லிங்க் சிப்புக்கு 32 பிட்டில் மட்டும் தொகுத்துத் தந்த மூடிய நிரல்தொகுப்பைச் சுற்றி எழுதிய ஒன்று, கோனெக்சன்ட் சிப்புக்கு லினக்சன்ட் நிறுவனம் விற்ற இயக்கி ஒன்று என்று துண்டுதுண்டாகவே தீர்வுகள் வந்தன. லினக்சன்டின் இலவசப் பதிப்பு 14.4 கிலோபிட்டுக்கு மேல் ஓடாது, முழு வேகம் வேண்டுமென்றால் காசு கட்டவேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மாறமாற இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. டயல்-அப் இன்று யாருக்கும் வேண்டியதில்லை. ஆனால் இதே கதை 4ஜி அட்டையிலும் வைஃபை அட்டையிலும் வேறு உருவில் திரும்பி வந்திருப்பதால்தான் இவ்வளவு விரித்துச் சொல்ல நேர்கிறது.

உள்மோடம் கைவிட்ட அந்தக் காலத்தில் லினக்ஸ் பயனர்களைக் காப்பாற்றியது மடிக்கணினியின் பக்கவாட்டில் இருந்த பிசி கார்டு துளை. 1989இல் அமைந்த பிசிஎம்சிஐஏ என்ற கூட்டமைப்பு வகுத்த இந்த அட்டை, 54 மில்லிமீட்டர் அகலமும் 85.6 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. தொடக்கத்தில் நினைவக அட்டையாகக் கருதப்பட்டது, பின்னர் மோடம், நெட்வொர்க், சீரியல் போர்ட் என எல்லாவற்றுக்கும் உறையாயிற்று. டேவிட் ஹைண்ட்ஸ் என்பவர் எழுதிய கார்டு சர்வீசஸ் தொகுப்புதான் லினக்ஸுக்கு இந்த அட்டைகளை அறிமுகம் செய்தது. 2001இல் வந்த 2.4 கர்னலில் அந்த ஆதரவு கர்னலுக்குள்ளேயே குடியேறியது. மூன்று வேலைகளையும் தானே செய்யும் பிசி கார்டு மோடம் கிடைத்தவர்களுக்குச் சீரியல் மோடத்தைப் போலவே தொல்லை இல்லை.

பழைய பொருள் விற்கும் இடத்தில் இத்தகைய அட்டையைக் கையில் எடுப்பவர் ஒன்றைக் கவனிக்கவேண்டும். செருகும் முனைக்கு மேலே சிறு சிறு மேடுகளோடு தங்க நிறப் பட்டை ஒன்று ஓடினால் அது 1995க்குப் பின் வந்த 32 பிட் கார்ட்பஸ் அட்டை. உள்ளுக்குள் அது, கணினியின் உள் இணைப்புப் பாதையான பிசிஐயில் அமரும் சாதனமே, லினக்ஸ் அதை அப்படியே நடத்துகிறது. பட்டை இல்லாவிட்டால் பெரும்பாலும் பழைய 16 பிட் வகை. கார்ட்பஸ் துளையில் இரண்டும் போகும். 16 பிட் துளையில் கார்ட்பஸ் அட்டை நுழையாதபடி முனையிலேயே தடுப்பு உண்டு. 2003இல் வந்த எக்ஸ்பிரஸ்கார்டு இவற்றோடு பொருந்தாத வேறு அமைப்பு. 34 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்றும், எல் வடிவில் 54 மில்லிமீட்டருக்கு விரியும் மற்றொன்றும் உண்டு. அதன் துளைக்குள் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையும் யுஎஸ்பி 2.0 பாதையும் நேராக வருவதால், அதில் செருகிய 3ஜி அட்டை கணினிக்கு வெறும் யுஎஸ்பி சாதனமாகவே தெரியும். 16 பிட் பிசி கார்டுகளுக்கான இயக்கிகள் பல, பராமரிக்க ஆளின்றிச் சில ஆண்டுகளாகக் கர்னலிலிருந்து நீக்கப்பட்டு வருகின்றன. அவ்வகை அட்டையை நம்பியிருப்பவர்கள் பழைய நீண்டகால ஆதரவுக் கர்னலோடு நின்றுகொள்வது நல்லது.

நம் ஊர்ப்பக்கம் பிசி கார்டைவிடப் பரவலாகப் புழங்கியது, யுஎஸ்பி துளையில் செருகும் சிறு மோடமான டாங்கிள்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வாங்கி வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம் அது. நெல்லிக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் கைக்குக் கணினி வந்த மாணவர்களின் வீட்டில் அகலக்கற்றை இல்லை. கடைவீதியில் வாங்கிய 3ஜி டாங்கிள்தான் இணையம். அதைச் செருகினால் விண்டோஸில் உடனே மென்பொருள் எழுந்து நிற்கும், பாஸ் லினக்ஸில் ஒரு சிடி படம் மட்டும் தோன்றும். லினக்ஸில் நெட் வராது என்ற எண்ணம் பல வீடுகளில் அன்று வேரூன்றியது. அதற்குக் காரணமான நுட்பம் மிக எளியது, அன்று அதை எடுத்துச் சொல்ல ஆள் பக்கத்தில் இல்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

அந்த டாங்கிள் செருகியதும் தன்னை மோடம் என்று சொல்லிக்கொள்வதில்லை. விண்டோஸ் இயக்கிகளைத் தனிச் சிடியில் கொடுக்கும் செலவை மிச்சப்படுத்த, அது முதலில் ஒரு சிடி டிரைவாக நடிக்கிறது. அந்தப் பொய்ச் சிடியிலிருந்து விண்டோஸ் மென்பொருளை நிறுவிக்கொள்ளும்; அந்த மென்பொருள் ஒரு ரகசியக் கட்டளையை அனுப்பும்; அதன் பிறகே டாங்கிள் மோடமாக மாறும். லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையை இட்டால் இதை நேரில் பார்க்கலாம். ஹுவாவேயின் இ1550 டாங்கிள் முதலில் 12டி1:1446 என்ற அடையாள எண்ணோடு தெரியும். முதற்பகுதி உற்பத்தியாளரையும் பிற்பகுதி சாதனம் இப்போது இருக்கும் நிலையையும் குறிக்கும். ஜோசுவா டீட்ஸே என்ற ஜெர்மானியர் தொடங்கிய யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் நிரல் உரிய கட்டளையை அனுப்பியதும் சாதனம் ஒருகணம் மறைந்து, 12டி1:1001 என்று வேறு எண்ணோடு திரும்பி வரும். உடனே கர்னலில் உள்ள 'ஆப்ஷன்' என்ற இயக்கி அதைப் பிடித்துக்கொண்டு, டிடிஒய்-யுஎஸ்பி என்ற பெயரில் 0, 1, 2 என மூன்று சீரியல் போர்ட்களைத் திறந்து தரும். அதற்குமேல் எல்லாம் பழைய ஏடி கட்டளைகளே. ஜிஎஸ்எம் சேவைக்கு *99# என்றும், அன்றைய சிடிஎம்ஏ டாங்கிள்களுக்கு #777 என்றும் 'டயல்' செய்தால் பிபிபி இணைப்பு எழும். இன்றைய லினக்ஸ் வழங்கல்களில் இந்த நிரல் முன்கூட்டியே இருப்பதால் பயனர் கையால் எதுவும் செய்யவேண்டியதில்லை.

ஆனால் அந்த 3ஜி டாங்கிள்களின் காலமே முடிந்துவிட்டது. 2016 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ஜியோ 2ஜியையும் 3ஜியையும் வைத்துக்கொள்ளவே இல்லை. ஏர்டெல் 2020இல் 3ஜியை மூடிவிட்டது. பழைய டாங்கிளில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு லினக்ஸைக் குறைசொல்வது பொருந்தாது. புதிய 4ஜி டாங்கிள்கள் பலவும் உள்ளேயே ஒரு சிறு ரவுட்டரை வைத்திருக்கின்றன. கணினிக்கு அவை ஈதர்நெட் அட்டையாகத் தெரிவதால் எந்த லினக்ஸிலும் செருகியவுடன் இணையம் வரும், அமைப்புகளை உலாவியில் திறந்து மாற்றிக்கொள்ளலாம். மாணவர்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் இந்த வகையையே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

உள்ளே பொருத்தும் அட்டையை விரும்புவோர்க்கு விவரம் இன்னும் கொஞ்சம் தேவை. 2014 வாக்கில்வரை வந்த மடிக்கணினிகளில் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட், அதற்குப் பின் எம்.2 ஸ்லாட் என்று தோராயமாகச் சொல்லலாம். எம்.2 அட்டையில் பள்ளம் வெட்டிய இடத்தைப் பொறுத்து எழுத்து மாறும். மொபைல் மோடத்துக்கு பி, வைஃபைக்கு பெரும்பாலும் இ அல்லது ஏ, வேக எஸ்எஸ்டிக்கு எம். மோடம் அட்டை வழக்கமாக 30 மில்லிமீட்டர் அகலமும் 42 மில்லிமீட்டர் நீளமும் இருக்கும். பழைய அட்டையின் ஆன்டெனா முனையும் எம்.2 அட்டையின் முனையும் அளவில் வேறுபட்டவை. பழையதைப் புதியதில் அழுத்தினால் முனை நசுங்கிவிடும்.

ஸ்லாட் எதுவானாலும் 4ஜி அட்டைகளில் பெரும்பாலானவை அதிலுள்ள யுஎஸ்பி பாதையையே பயன்படுத்துகின்றன, இது லினக்ஸுக்கு நல்லதாகப் போயிற்று. பேசும் நெறிமுறைகள் முக்கியமாக இரண்டு. குவால்காம் வகுத்த கியூஎம்ஐ ஒன்று. யுஎஸ்பி அமைப்பு 2011இல் பொதுத் தரமாக வெளியிட்ட எம்பிஐஎம் மற்றொன்று. நார்வேயைச் சேர்ந்த பியோர்ன் மோர்க் எழுதிய இயக்கி 2012இல் 3.4 கர்னலில் கியூஎம்ஐக்கு வழிதிறந்தது. மறு ஆண்டு 3.8 கர்னலில் எம்பிஐஎம் வந்தது. இவற்றுக்கு மேல் மோடம்மேனேஜர் என்ற சேவை அமர்ந்து சிம்மைத் திறப்பது, வலையில் பதிவது, குறுஞ்செய்தி படிப்பது, பேலன்ஸ் பார்ப்பது எல்லாவற்றையும் செய்கிறது. திரையின் மூலையில் தெரியும் நெட்வொர்க் பட்டியல் அதனிடம்தான் கேட்டு வாங்குகிறது. பயனர் தரவேண்டியது, சேவை நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயரான ஏபிஎன் ஒன்றுதான். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் இடைவெளியின்றித் தரவேண்டும். ஜியோ ஐபிவி6 முகவரியைப் பெரிதும் சார்ந்திருப்பதால், இணைப்பின் வகையில் ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் அனுமதித்து வைப்பது பாதுகாப்பு.

யுஎஸ்பி பாதையை விட்டுப் பிசிஐ எக்ஸ்பிரஸுக்குப் போன அட்டைகளில்தான் வின்மோடம் காலத்துத் தலைவலி திரும்பியது. இன்டெல் எக்ஸ்எம்எம் 7360 சிப் கொண்ட ஃபிபோகாம் எல்850-ஜிஎல் அட்டை பல திங்க்பேட்களில் இப்படி வந்தது. லினக்ஸுக்கு இயக்கி தரப்படவில்லை. தன்னார்வலர்கள் அட்டையின் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதிய நிரலே பல காலம் துணை நின்றது. 2021இல் 5.13 கர்னலில் மொபைல் மோடம்களுக்கெனத் தனிப் பிரிவு உருவான பிறகு நிலைமை சீரடையத் தொடங்கியது. மீடியாடெக் சிப் கொண்ட 5ஜி அட்டைகளுக்கான டி7எக்ஸ்எக்ஸ் இயக்கி 2022இல் 5.19 கர்னலில் சேர்ந்தது. ஆயினும் ஒரு பழைய திங்க்பேடுக்கு அட்டை தேடுபவர், யுஎஸ்பியில் எம்பிஐஎம் பேசும் பழைய வகையைத் தேர்ந்தால் நிம்மதியாக இருப்பார்.

இயக்கி சரியாக இருந்தும் அட்டை முரண்டுபிடிக்க வேறு இரண்டு பூட்டுகள் உண்டு. முதலாவது, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரலில் உள்ள அனுமதிப் பட்டியல். பழைய திங்க்பேட் ஒன்றில் பட்டியலில் இல்லாத அட்டையைப் பொருத்தினால், 1802 என்ற எண்ணோடு எச்சரிக்கை காட்டிவிட்டுக் கணினி அத்தோடு நின்றுவிடும். லினக்ஸ் தொடங்கும் கட்டமே வராது. ஆகவே அந்தக் கணினிக்கென்றே உற்பத்தியாளர் பாகஎண் கொடுத்து விற்ற அட்டையைத்தான் தேடவேண்டும். இரண்டாவது, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதியைக் காட்டி வைக்கப்பட்ட பூட்டு. அட்டை கணினியில் தெரியும், சிம்மையும் படிக்கும், ஆனால் ரேடியோவை இயக்கச் சொன்னால் மறுக்கும். மோடம்மேனேஜர் 1.18.4 பதிப்பு முதல், இப்பூட்டைத் திறக்கும் சிறு நிரல்கள் அந்தத் தொகுப்போடு வருகின்றன. சட்டப் பொறுப்பு பயனரைச் சேரவேண்டும் என்பதால் அவை தாமாக இயங்குவதில்லை, அட்டையின் அடையாள எண்ணுக்குரிய நிரலைப் பயனர் கையால் இணைத்து வைக்கவேண்டும். அட்டை கெட்டுவிட்டது என்று கருதிக் கழற்றி வீசப்பட்டவற்றில் சில இந்தப் பூட்டால் மட்டுமே ஊமையாக இருந்திருக்கக்கூடும்.

அலைவரிசையைப் பார்க்காமல் வாங்குவது அடுத்த இடர். இங்கே வரும் பழைய கணினிகளில் அமெரிக்கச் சந்தைக்காகத் தயாரானவையும் உண்டு. சியரா ஒயர்லெஸ் இஎம்7455 அட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் இந்தியாவில் பெரிதும் பயன்படும் 1800 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 3 இருக்கிறது, 850 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 5உம் இருக்கிறது. ஆனால் ஜியோவும் ஏர்டெல்லும் நெரிசலான இடங்களில் நம்பும் 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 40 இல்லை, பிஎஸ்என்எல் 4ஜிக்கான 700 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 28உம் இல்லை. அதன் ஆசியப் பதிப்பான இஎம்7430இல் இந்த இரண்டும் உண்டு. லினக்ஸில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். இங்கே பயன்படுத்துவதற்கு 7430 தெளிவாக மேலானது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுத் தொலைத்தொடர்பு வட்டத்திலேயே அடங்குவதால், முள்ளோடை எல்லையைத் தாண்டுவது அட்டைக்கு ஒரு பொருட்டே அல்ல. மாஹே கேரள வட்டத்திலும் ஏனாம் ஆந்திர வட்டத்திலும் இருக்கின்றன.

வைஃபை அட்டையை மாற்ற நினைப்போர் அறியவேண்டியது சிஎன்விஐ என்ற ஏற்பாடு. இன்டெல் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 ஆகியவை முழு அட்டைகள் அல்ல. வைஃபையின் ஒரு பகுதி இன்டெல்லின் கணினிச் சிப்புக்குள்ளேயே இருப்பதாக எண்ணி எஞ்சியதை மட்டும் தருபவை. ஏஎம்டி கணினியிலோ பழைய இன்டெல் கணினியிலோ அவற்றைச் செருகினால் எந்த இயங்குதளத்திலும் தெரியாது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தன்னிறைவான பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகள். எண்ணில் உள்ள கடைசி இலக்கம் ஒன்றால் பணம் வீணாவதைக் கவனமாகத் தவிர்க்கவேண்டும். இந்த அட்டைகளுக்கு இயக்கி கட்டற்றது, அட்டைக்குள் ஏற்றும் நிரலான ஃபர்ம்வேர் மூடியது. அதனால்தான் பழைய டெபியனை நிறுவும்போது வைஃபை காணாமல் போயிற்று. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், ஃபர்ம்வேரும் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே இருக்கிறது. கொள்கை அளவில் எனக்கு இது முழு நிறைவு தரவில்லை. ஆனால் வீட்டில் வேறு கணினியே இல்லாத ஒரு மாணவரின் நிறுவல் பாதியில் நிற்காமல் முடிகிறதே, அதை எடைபோட்டால் எடுத்த முடிவு சரியானதே.

கடலூர் சிப்காட் ஆலைகளில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர்களுக்கு இணையத்தைவிடச் சீரியல் போர்ட் முக்கியம். ஆலை இயந்திரங்களை இயக்கும் பழைய பிஎல்சி கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேச இன்றும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் முறைதான் வழி. பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் இயங்கும் எக்ஸ்பிரஸ்கார்டு சீரியல் அட்டை கிடைத்தால் லினக்ஸ் அதைத் தாய்ப்பலகையில் உள்ள போர்ட்டைப் போலவே நடத்தும். யுஎஸ்பியைச் சீரியலாக்கும் மாற்றி வாங்குவோர்க்கு லினக்ஸ் தரும் நன்மை வேறு. 2014 அக்டோபரில், இத்தகைய மாற்றிகளுக்கான சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் இயக்கி, போலிச் சிப் கொண்ட மாற்றிகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி அவற்றைச் செயலிழக்கச் செய்தது. போலி என்று தெரியாமல் வாங்கியவர்தான் அதில் தண்டிக்கப்பட்டார். லினக்ஸ் இயக்கி அப்படி எதையும் செய்யவில்லை; எண் அழிந்த மாற்றிகளுக்கு லினக்ஸ் வழியாகவே எண்ணைத் திரும்ப எழுதிக்கொடுத்தார்கள். மோடம்மேனேஜர் சில சமயம் இத்தகைய சீரியல் கருவியை மோடமோ என்று ஐயுற்று ஏடி கட்டளை அனுப்பிப் பார்க்கும் என்பதால், ஆலைக்கருவியோடு இணைக்கும் கணினியில் அந்தச் சேவையை நிறுத்திவைப்பது முறை.

மென்பொருள் பிழைபோலத் தோன்றும் மின்சாரப் பிழையும் உண்டு. யுஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர் தரக் கடமைப்பட்டது. சிக்னல் குறைந்த இடத்தில் மோடம் உரக்கப் பேச முயலும்போது அந்த எல்லை இடிக்கும். தேவனாம்பட்டினம், முதுநகர் பக்கம் உப்புக்காற்றில் வைத்த டாங்கிளின் தொடர்புகளில் கறையும் சேரும். இணைப்பு அடிக்கடி அறுந்தால் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையைப் பார்க்கவேண்டும். அதில் பிழை எண் -71 திரும்பத் திரும்ப வந்தால், பெரும்பாலும் இயக்கியைத் தோண்டவேண்டியதில்லை. தொடர்புகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நீட்டிப்புக் கேபிளைக் கழற்றி, வேறு போர்ட்டில் செருகிப் பார்க்கவேண்டும்.

கைப்பேசியை யுஎஸ்பி கேபிளில் மாட்டி இணையத்தைப் பகிரலாமே என்று கேட்பவர்களுக்கு, பகிரலாம் என்பதே நேரான பதில். லினக்ஸ் அதை ஈதர்நெட்டாக ஏற்றுக்கொள்ளும், அன்றாடத் தேவைக்கு அது போதும். மின்சாரம் இல்லாத நாள்களில் கைப்பேசியின் பேட்டரியைக் காப்பாற்றவேண்டியவர்க்கும், தனிச் சிம்மில் குறுஞ்செய்தி வாங்கும் கணினி வேண்டியவர்க்கும், திரைக்குப் பின்னுள்ள பெரிய ஆன்டெனாவின் பிடிப்பு தேவைப்படும் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தவர்க்கும்தான் உள்ளே பொருத்தும் அட்டை பொருள்படும்.

அப்படி வாங்குவோர் உபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். "அண்ணா, வாங்குவதற்கு முன் இதில் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டால் மறுக்கும் கடைக்காரர் குறைவு. நிறுவாமலேயே அதில் கணினியைத் தொடங்கி, எல்எஸ்யுஎஸ்பியையும், பிசிஐ சாதனங்களைக் காட்டும் எல்எஸ்பிசிஐயையும் (lspci) இட்டு மோடத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும். பிறகு மோடம்மேனேஜரின் எம்எம்சிஎல்ஐ (mmcli) கட்டளையில் மோடம்களைப் பட்டியலிடச் சொல்லவேண்டும். பட்டியல் காலியாக இருந்து எல்எஸ்யுஎஸ்பியிலும் எதுவும் இல்லையென்றால் அட்டையே இல்லை. எல்எஸ்பிசிஐயில் மட்டும் தெரிந்தால் இயக்கியைத் தேடும் வேலை காத்திருக்கிறது. மோடம் பட்டியலில் வந்தும் இயக்க மறுத்தால் எஃப்சிசி பூட்டை ஐயுறவேண்டும். சொந்தச் சிம்மைப் போட்டு, வலையில் பதிவாகி, சிக்னல் விழுக்காடு திரையில் வந்தால், ஆன்டெனா வரை எல்லாம் சரியாக இருக்கிறது. விலை பேசத் தொடங்கலாம்.